டைனோ தாளில் ஏறும் குதிரைகள்

டர்போ வண்டி வைத்திருப்பவருக்கு வேலை சுலபம். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவை ரீமேப் செய்து பூஸ்ட் அழுத்தத்தைச் சற்று ஏற்றினால் ஒரே நாளில் வண்டியின் குணம் மாறிவிடும். டர்போ இல்லாமல் வெளிக்காற்றைத் தானே உறிஞ்சி ஓடும் எஞ்சினில் அந்தக் குறுக்குவழி கிடையாது. வளிமண்டலம் எவ்வளவு அழுத்தம் தருகிறதோ அவ்வளவுதான் முதலீடு. அதற்குள் கூடுதல் சக்தி தேடுகிறவர்கள் ஒரு வழக்கமான ஏணியில் ஏறுகிறார்கள்: முதலில் ஏர் ஃபில்டர், பிறகு ஹெடர், ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட், ரீமேப், பணம் மிஞ்சினால் கேம்ஷாஃப்ட். ஒவ்வொரு படிக்கும் விற்பவர் ஓர் எண் சொல்வார். இதற்கு நாலு குதிரைத்திறன், அதற்கு எட்டு. வாங்குபவர் கூட்டிப் பார்த்து, சக்கரத்தில் இருபது ஏறிவிடும் என்று நம்புகிறார்.

இந்தக் கூட்டல் கணக்கோடுதான் எனக்குச் சண்டை. பாகங்கள் மோசமானவை என்று நான் சொல்லவில்லை. அவற்றைத் தனித்தனியாக, அதுவும் உச்சத்தில் கிடைக்கும் ஓர் எண்ணை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கம்தான் பல நல்ல வண்டிகளைக் கெடுக்கிறது.

சக்தி என்பது முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கி வருவது. எஞ்சின் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 6000 ஆர்பிஎம்மில் தந்தால் ஏறக்குறைய 85 குதிரைத்திறன். அதே 100-ஐ 7000 வரை தாங்கிப் பிடித்தால் ஏறக்குறைய 100. டர்போ இல்லாத எஞ்சினில் ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு இவ்வளவுதான் என்று முறுக்குவிசைக்கு ஒரு கூரை இருக்கிறது. தேர்ந்த சாலை எஞ்சின்களே லிட்டருக்கு 100 நியூட்டன் மீட்டரைச் சுற்றித்தான் நிற்கும். ஆகவே பெரிய லாபம் வேண்டுமென்றால் ஒரே திசைதான் மிச்சம்: அந்த முறுக்குவிசையை இன்னும் உயர்ந்த ஆர்பிஎம்மில் விடாமல் காப்பது. அங்கே போகப் போகச் செலவு கூடும். பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்க வேண்டிய விசை வேகத்தின் வர்க்கமாக வளரும். சிவப்புக் கோட்டை 6500-இலிருந்து 7500-க்குத் தள்ளினால் அந்த விசை மூன்றில் ஒரு பங்கு அதிகம். வால்வு ஸ்பிரிங் அதற்குத் தயாராக இல்லையென்றால் வால்வு கேமைப் பின்தொடராமல் மிதக்கத் தொடங்கும்.

ஒரு தொழிற்சாலையே இந்த வேலையைச் செய்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு நம்பகமான அளவுகோல் இருக்கிறது. 1995-இல் ஜப்பானில் வந்த ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர். அதே காரின் எஸ்ஐஆர்-ஜி மாடலில் இருந்த 1797 சிசி எஞ்சின் 180 குதிரைத்திறன் தந்தது. டைப் ஆரில் அதே எஞ்சின் 8000 ஆர்பிஎம்மில் 200 தந்தது. இந்த இருபதுக்காக ஹோண்டா செய்தவற்றைப் பாருங்கள். சிலிண்டர் ஹெட்டின் போர்ட்டுகளை ஆட்கள் கையால் தேய்த்து மெருகேற்றினார்கள். கம்ப்ரஷன் விகிதம் 10.6-இலிருந்து 11.1 ஆனது. அதிக லிஃப்டும் நீண்ட திறப்பு நேரமும் கொண்ட கேம்கள், வலுவான வால்வு ஸ்பிரிங்குகள், புதிய இன்டேக் மேனிஃபோல்டு, பெரிய த்ராட்டில், எக்ஸாஸ்ட் மாற்றம், இவை அனைத்துக்கும் பொருந்திய இசியூ. உலகத்தின் மிகச் சிறந்த சிறிய எஞ்சின் வல்லுநர்கள் இத்தனையையும் ஒன்றுக்கொன்று பொருத்தி எடுத்த லாபம் பதினோரு சதவீதம். கடையில் வாங்கும் ஒரு கூம்பு ஃபில்டர் தனியாக எட்டு சதவீதம் தரும் என்று யாராவது சொன்னால் இந்தப் பதினொன்றை நினைத்துக்கொள்வது நல்லது.

அந்த ஃபில்டரிலிருந்தே தொடங்குவோம். இந்தியாவில் டியூனிங் ஆசை உள்ளவர்கள் இன்றும் தேடிப்பிடித்து வாங்கும் வண்டி, 2000-ஆம் ஆண்டு வாக்கில் வந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக், 106 குதிரைத்திறன். அதன் பானெட்டைத் திறந்தால் அடிக்கடி கண்ணில் படுவது, கம்பெனி ஏர்பாக்ஸைக் கழற்றிவிட்டு எஞ்சினுக்குப் பக்கத்திலேயே மாட்டிய கூம்பு ஃபில்டர். வெளியே 35 டிகிரி வெயில் இருக்கும்போது பானெட்டுக்குள் காற்று 60 டிகிரியைத் தொட்டால் அதன் அடர்த்தி ஏழு சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். ஃபில்டரின் தடை குறைந்ததால் வந்த லாபத்தைச் சூடு விழுங்கிவிடும். சிக்னலில் நின்று புறப்படும் நகர ஓட்டத்தில் இது இன்னும் மோசம். ஆனால் உறிஞ்சும் சத்தம் காதுக்கு இனிமையாக இருப்பதால் வண்டி வேகமாகிவிட்டதாக மனம் நம்பிவிடும். நம் சாலைப் புழுதியையும் சேர்த்துப் பார்த்தால், வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கும் கம்பெனி ஏர்பாக்ஸை வைத்துக்கொண்டு உள்ளே நல்ல ஃபில்டர் போடுவதுதான் சரியான தேர்வு.

ஹெடர் அப்படியில்லை. இந்தப் பட்டியலில் நான் மனதார ஆதரிப்பது அதைத்தான். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் ஒரு சிலிண்டரின் புகை அடுத்த சிலிண்டரின் வழியை மறிக்கும். தனித்தனிக் குழாய்களாக இறக்கும் ஹெடர் அதைத் தவிர்ப்பதோடு இன்னொரு வேலையும் செய்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடி, குழாய்கள் சேருமிடத்தில் உறிஞ்சும் அலையாகத் திரும்பி வரும். இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் அந்தக் குறுகிய நேரத்தில் அது வந்து சேர்ந்தால் எரிந்த மிச்சத்தை வெளியே இழுத்துப் புதுக் காற்றையும் உள்ளே வரவழைக்கும். குழாயின் நீளம்தான் அது எந்த ஆர்பிஎம்மில் நடக்கும் என்பதை முடிவு செய்கிறது. நாலு குழாய் இரண்டாகி இரண்டு ஒன்றாகும் ஃபோர்-டூ-ஒன் அமைப்பு நடு ஆர்பிஎம்மில் பரவலாக உதவும். நாலும் நேரே ஒன்றாகும் ஃபோர்-ஒன் உச்சியில் மட்டும் கூர்மையாக உதவும். சக்கரத்தின் சக்தியை அளக்கும் டைனோ எந்திரத்தின் தாளில் பெரிய எண் காட்டுவது பெரும்பாலும் இரண்டாவது. தினமும் ஓட்டுபவருக்கு வேண்டியது முதலாவது.

அதையும் கண்ணால் பார்த்து வாங்க வேண்டும். ஹெடரின் ஃபிளாஞ்சுக்குள் விரலை விட்டுத் தடவினால், உள்பக்கம் வெல்டிங் மணி மணியாகத் துருத்திக்கொண்டிருப்பது தெரியும். அந்த விளிம்பு வாயுவின் பாதையில் ஒரு தடுப்பு. கேஸ்கெட்டை ஹெட்டின் மீதும் ஃபிளாஞ்சின் மீதும் வைத்துப் பார்த்தால் இரண்டு துளைகளும் பொருந்தாமல் ஒரு படிபோல நிற்பதும் உண்டு. வளைவில் குழாய் நசுங்கி முட்டை வடிவமாகியிருந்தால் அந்த இடத்தில் உள்விட்டம் குறைந்துபோயிருக்கும். வெளியே கண்ணாடிபோல மின்னும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இவற்றில் எதையும் ஈடுகட்டாது.

ரீமேப்பை ஏணியின் நாலாவது படியாக வைப்பதே தவறு. த்ராட்டிலை முழுதாக மிதிக்கும்போது பல எஞ்சின்கள் ஆக்சிஜன் சென்சாரைக் கேட்பதில்லை. இசியூவில் எழுதிய அட்டவணைப்படியே பெட்ரோல் தெளிக்கின்றன. ஹெடர் போட்டு மூச்சு கூடிவிட்டதென்றால் அட்டவணை பழையதாகிவிடுகிறது. வைட்பேண்ட் சென்சாரை மாட்டி ஓட்டினால், 5000 வரை காற்று-பெட்ரோல் விகிதம் 13-ஐ ஒட்டி இருந்து, 6500-ஐ நெருங்கும்போது 14-ஐ நோக்கி மெல்ல நகர்வதைத் திரையிலேயே பார்க்கலாம். முழு சக்திக்கு வேண்டியது பன்னிரண்டரைக்கும் பதின்மூன்றுக்கும் இடையில். பற்றவைப்பு நேரமும் அப்படியே. ஆகவே ஹெடரும் ரீமேப்பும் ஒரே வேலை, ஒரே பில். ஒன்றை மட்டும் செய்ய வசதியிருந்தால் காத்திருப்பதே மேல்.

ஹெட்டைக் கழற்றி ஃபேசிங் செய்து கம்ப்ரஷனை ஏற்றுவது நம் லேத் பட்டறைகளில் நெடுநாள் பழக்கம். கோட்பாட்டின்படி, 9.2-இலிருந்து 11-க்கு ஏற்றினாலும் எஞ்சின் திறன் ஏறக்குறைய ஐந்து சதவீதம்தான் கூடும். அதற்கு விலையாகச் சாதாரண பெட்ரோலில் நாக்கிங் வரும். பல பழைய எஞ்சின்களில் அதை உணர்ந்து டைமிங்கைக் குறைக்க நாக் சென்சாரே கிடையாது. ஹெட் தேய்ந்தால் கேம்ஷாஃப்ட் கிராங்கை நோக்கி இறங்கி, பெல்ட் வழியாக வால்வு டைமிங்கும் சற்றுப் பின்தங்கும். சரிப்படுத்தக்கூடிய கேம் புல்லி போடாமல் ஹெட்டை மட்டும் தேய்த்து மூடுவது பாதி வேலை. போர்ட்டுகளைக் கண்மூடித்தனமாக அகலப்படுத்துவதும் இதே ரகம். துளை பெரிதானால் காற்றின் வேகம் குறையும். கீழ் ஆர்பிஎம்மில் சிலிண்டர் சரியாக நிரம்பாது.

கேம்ஷாஃப்ட்டுக்கு வரும்போதுதான் உச்ச எண்ணின் மயக்கம் முழுதாகத் தெரியும். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். இரண்டாவது கியர் விகிதம் 1.9, மூன்றாவது 1.3. 7000-இல் கியர் மாற்றினால் எஞ்சின் 4800-க்கு விழும். அதாவது முழு வேகத்தில் ஓட்டும்போதுகூட எஞ்சின் வாழ்வது 4800-க்கும் 7000-க்கும் நடுவில். புதிய கேம் 7000-இல் எட்டுக் குதிரைத்திறன் கூட்டி 5000-இல் ஆறைத் தின்றுவிட்டால், டைனோ தாளில் எட்டு ஏறியிருக்கும். வண்டியோ ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். ஐடிலிங் துடிப்பும் மைலேஜ் இழப்பும் தனி. ஹோண்டா 1989-இல் விடெக்கைக் கொண்டுவந்தது இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். கீழே ஒரு கேம் வடிவம், மேலே இன்னொன்று. அந்த முதல் 1.6 லிட்டர் எஞ்சின் 160 குதிரைத்திறன் தந்தும் நகரத்தில் அடக்கமாக ஓடியதற்குக் காரணம் அதுவே. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி த்ராட்டில் வைப்பது அழகான வேலை, மிதித்தவுடன் கிடைக்கும் பதிலும் அபாரம். ஆனால் கேமும் கம்ப்ரஷனும் அதற்கேற்ப மாறாத எஞ்சினில் அது அலங்காரம்.

டைனோவை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாமல் எல்லாமே ஊகம். ஆனால் ஒரே வண்டியை ஒரே நாளில் திரும்ப ஓட்டினாலே இரண்டு மூன்று சதவீத ஏற்றத்தாழ்வு சாதாரணம். டயர் காற்றழுத்தம், வண்டியைக் கட்டும் பெல்ட்டின் இறுக்கம், எஞ்சின் சூடு, எல்லாம் அதில் விளையாடும். சக்கரத்தில் 90 குதிரைத்திறன் உள்ள வண்டிக்கு அந்த ஏற்றத்தாழ்வே இரண்டு மூன்று குதிரைகள். ஃபில்டர் விற்பவர் சொல்லும் லாபமும் பல நேரங்களில் அவ்வளவுதான். வெப்பநிலைத் திருத்தத்துக்கான சென்சாரைச் சூடான எஞ்சின் பக்கமாக வைத்தால் திருத்திய எண் தானாக ஊதிப்போகும். அதனால் ஒரே டைனோ, ஒரே கியர், முன்னும் பின்னும் மூன்று ஓட்டங்கள், முழு வளைகோடு. இவற்றைக் கேட்டு வாங்காதவர் பணத்தைக் கொடுத்து ஓர் எண்ணை வாங்குகிறார், அவ்வளவே. எல்லாவற்றுக்கும் முன்னால் கம்ப்ரஷன் செக். இருபது வருட எஞ்சினில் தேய்ந்த ரிங்கும் டேப்பெட் இடைவெளியும் தின்றிருக்கும் சக்தியை மீட்பதுதான் மிக மலிவான டியூனிங்.

இந்தக் கலைக்கு ஒரு மதிப்பான பிறப்பிடம் உண்டு. 1980-களின் இறுதியில் கோவையில் எஸ். கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கினார். சோழவரம் பந்தயத் தளத்திலும் பிறகு இருங்காட்டுக்கோட்டையிலும் டர்போ இல்லாத சிறு எஞ்சின்களிலிருந்து கடைசிச் சொட்டு சக்தியையும் பிழிந்தெடுத்த மெக்கானிக்குகள் நம்மவர்கள். வால்வு சீட்டின் கோணத்தையும் பிளக்கின் நிறத்தையும் படித்தே எஞ்சினைப் புரிந்துகொண்ட கைகள் அவை. அந்த அறிவு தொடர வேண்டும் என்று உளமார விரும்புகிறேன். ஆனால் பந்தயத்தில் விதிகள் கைகளைக் கட்டும், எஞ்சின் எப்போதும் உச்சியிலேயே ஓடும், இரண்டு குதிரைகள் வெற்றியைத் தீர்மானிக்கும். அந்தச் சூழலுக்காகப் பிறந்த தேர்வுகளை கோவை அவினாசி சாலை நெரிசலுக்கு அப்படியே கொண்டுவருவதில்தான் கோளாறு.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை வெட்டி எடுப்பதற்கு மட்டும் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. நல்ல நிலையில் உள்ள ஒன்று தின்னும் சக்தி சொற்பம். அதை எடுத்துவிட்டால் வெளியேறும் நச்சு பின்னால் பைக்கில் வருபவரின் நுரையீரலுக்குப் போகிறது. சட்டமும் இடம் தரவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பெரிய மாற்றங்கள் பந்தயத் தளத்துக்கு மட்டும் போகும் வண்டிக்கு உரியவை.

சாலை வண்டிக்குப் பணம் இருந்தால் அதை எஞ்சினுக்கு வெளியேயும் தேட வேண்டும். 1000 கிலோ வண்டியில் 50 கிலோ குறைப்பது, முடுக்கத்தைப் பொறுத்தவரை சக்தியில் ஐந்து சதவீதம் கூட்டியதற்குச் சமம். ஹெடருக்குச் செலவழித்த கையோடு கனமான 17 அங்குல அலாய் மாட்டினால் அந்த லாபம் அங்கேயே கரையும். ஹோண்டா 1998-இல் இன்டெக்ரா டைப் ஆரைத் திருத்தியபோது அறிவித்த சக்தி அதே 200-ஆகவே நின்றது. மாற்றியவற்றில் முக்கியமானது ஃபைனல் டிரைவ். 4.4 விகிதத்தை 4.785 ஆக்கி, அதே குதிரைகளைச் சாலையில் இன்னும் அழுத்தமாக இழுக்கவைத்தார்கள்.