கரிசற் சொல்லும் வகுப்பறையும்

கி. ராஜநாராயணன் தொகுத்து 1982இல் வெளிவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை இலக்கியம் கற்பார்க்குரிய துணைநூல் என்றே பலரும் கொள்வர். கடம்பூர், கோவிற்பட்டிப் பகுதிப் பள்ளி ஆசிரியர்க்கும் அஃது உரியது என்பது எம் கருத்து. 'கம்மாய்', 'வெள்ளாமை' என்று பேசிப் பழகிய மாணாக்கர் பாடநூலில் 'கண்மாய்', 'வேளாண்மை' எனக் காண்பர். அவர்தம் சொல்லைப் பிழையெனத் தள்ளின் வாய் மூடுவர். இரண்டையும் இணைத்துக் காட்டின் சொல்வளம் பெருகும். திசைச்சொல்லைச் செய்யுட்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தமை இதற்கு அரணாகும்.

எனினும், அகரநிரல் மட்டும் வகுப்பறைக்குப் போதாது. திவாகரம் போலப் பொருள்வழிப் பகுத்து, மாணாக்கர் வீட்டில் கேட்ட சொற்களையும் சேர்த்து, ஆசிரியர் கூடி ஆராய்தல் வேண்டும். அதனைச் செய்யாது மாணாக்கர்க்குச் சொல்வளம் இல்லை எனல் பொருந்தாது. உள்ள வளத்தை நாம் எண்ணிப் பார்த்திலம் என்பதே உண்மை.