அச்செழுத்தும் சமுதாயமும்

கலை வடிவங்கள் காலத்துக்கும் சமுதாயத்துக்கும் அப்பாற்பட்டவை என்று வாதிடுவோர் இன்றும் உளர். நாள்தோறும் நாம் காணும் அச்செழுத்தின் வரலாறே அவர்களுக்குத் தக்க மறுமொழியாகும்.

முதலாம் உலகப் போரின் பின், ஜேர்மனியிலே புதிய சமுதாயத்தை அவாவிய கலைஞர் எந்திர உற்பத்திக்கேற்ற எளிய வடிவங்களைத் தேடினர். 1919இல் நிறுவப்பெற்ற பௌஹௌஸ் கலைப்பள்ளி இம்முயற்சியில் முன்னின்றது. அங்கு ஹேர்பேட் பேயர் 1925இல், பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டையே நீக்கி, வட்டமும் நேர்கோடுங் கொண்டு உரோம எழுத்துக்களைப் புதிதாக வரைந்தார். அவை ஈயத்தில் வார்க்கப்படாது வரைபடமாகவே நின்றுவிட்டன.

அப்பள்ளியைச் சாராத பவுல் றென்னர் அமைத்த பியூச்சரா 1927இல் பிராங்க்பேர்ட் நகரத்துப் பௌவர் வார்ப்பகத்திலிருந்து வெளிவந்தது. கோடுகளின் நுனியில் வழிவழியாக ஒட்டிவந்த சிறு கீற்றுக்கள் அதில் இல்லை. வட்டமும் முக்கோணமும் சதுரமுமே அதன் அடிப்படை. எனினும் றென்னர் அளவுகோலுக்கு அடிமையாகவில்லை. ஒரே தடிப்புள்ள கோடுகளில், கிடையானது நிமிர்ந்ததினும் தடித்ததாகக் கண்ணுக்குத் தோன்றும். ஆதலால் கிடைக்கோடுகளை மெலிவித்தார். வளைவு நிமிர்கோட்டைத் தொடும் இடங்களையும் ஒடுக்கினார். பெரிய எழுத்துக்களின் அளவமைதியை உரோமர் கல்வெட்டுக்களிலிருந்து பெற்றார். மரபைத் துறப்பதன்று, படிப்போரின் தேவைக்கேற்ப அதனை மாற்றியமைப்பதே புதுமை என்பதை இவ்வெழுத்து உணர்த்துகின்றது.

1932இல் நாசிகளின் கலைக்கொள்கையைக் கண்டித்து நூல் வெளியிட்ட றென்னர், மறு ஆண்டிற் கைதுசெய்யப்பட்டுப் பதவியும் இழந்தார். பௌஹௌசும் 1933இலேயே மூடப்பட்டது. பழைய முறுக்கெழுத்தே ஜேர்மானியரின் தேசிய எழுத்தெனப் போற்றிய அதே ஆட்சி, 1941இல் அதனை யூத எழுத்தெனப் பொய்யுரைத்து விலக்கியது. கைப்பற்றிய நாடுகளில் தன் ஆணைகள் படிக்கப்படவேண்டும் என்ற தேவையின் முன் தேசியப் பெருமை நிற்கவில்லை.

பியூச்சராவின் பிற்காலமும் சிந்திக்கத்தக்கது. 1960களில் அமெரிக்காவில் வோக்ஸ்வாகன் கார்களை விற்கும் விளம்பரங்களில் அது இடம்பெற்றது. 1969இல் அமெரிக்கர் சந்திரனில் விட்டுவந்த தகட்டிலும் அவ்வெழுத்தே பொறிக்கப்பட்டது. புதிய சமுதாயக் கனவிலே பிறந்த வடிவம் வணிகத்துக்கும் வல்லரசுக்கும் ஊழியம் செய்யலாயிற்று.

இதனாற் பியூச்சராவின் அழகு குன்றிவிடவில்லை. ஆயின், வடிவம் புதியது என்பதனாலேயே ஒரு படைப்பை முற்போக்கானதென்று கொண்டாடுவோர் இவ்வரலாற்றை மறத்தலாகாது. அவ்வடிவம் யார் கையில், எவருக்காக, எதனைச் சொல்கின்றது என்று வினவுவதே திறனாய்வின் கடமையாகும்.