சானல் வகுக்கும் கலை

டாக்சி நிறுவனங்களும் கட்டுமானக் குழுக்களும் பயன்படுத்திக் கழித்த வயர்லெஸ் கருவிகளை வாங்கி, உரிமம் பெற்ற ஆர்வலர்களின் ஹாம் வானொலிக்கு ஏற்ப நிரலாக்கம் செய்வது அமெரிக்காவில் வேரூன்றிய நுண்கலையாகும். 150 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வணிகப் பட்டையில் 25 கிலோஹெர்ட்ஸ் சானல்களைக் கைவிட்டு 12.5 கிலோஹெர்ட்ஸுக்கு மாற வேண்டுமென்று அந்நாட்டின் தகவல் தொடர்பு ஆணையம் விதித்த கெடு 2013 ஜனவரி 1 அன்று முடிந்தபோது, அவ்வாறு மாற இயலாத கருவிகள் வணிகத்துக்கு உதவாமற் போயின. அகலச் சானலிலேயே தொடர்ந்து பேசிவரும் ஹாம்களுக்கோ அவை குறைந்த விலையில் கிடைத்த செல்வமாயின.

அவற்றுள் மோட்டரோலாவின் ஜிஎம்300 தனிச்சிறப்புடையது. 146 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் அதன் வகை, 148 மெகாஹெர்ட்ஸில் முடியும் அமெரிக்க ஹாம் பட்டையின் மேற்பாதியைத் தன் இயல்பான எல்லைக்குள்ளேயே கொண்டிருப்பதோடு, அருகிலுள்ள வலிய அலைகளால் எளிதில் குழம்பாத ஏற்பியையும் உடையது. வண்டி ஓட்டுபவர் தம் விருப்பப்படி அலைவரிசையை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக இதன் முகப்பில் அதிர்வெண் அமைக்கும் வசதி வைக்கப்படவில்லை. ஆகவே கணினியின் சீரியல் போர்ட் மின்னழுத்தத்தைக் கருவி தாங்கும் அளவுக்கு மாற்றித் தரும் இடைமுகப் பெட்டியை மைக் செருகும் துளையில் இணைத்து, டாஸில் இயங்கும் மென்பொருளைக் கொண்டே எதையும் எழுத வேண்டும். அம்மென்பொருளின் நேரக்கணக்கு வேகமான கணினிகளில் பிழைபடும் என்பதால், தேர்ந்தவர்கள் இதற்கென்றே பழைய 486 கணினி ஒன்றைப் பேணுவர். சானல்களும் அமைப்புகளும் அடங்கிய, கோட்பிளக் எனப்படும் தரவுத் தொகுப்பை முதலில் படித்துச் சேமித்த பின்னரே புதியதை எழுதுவர்.

கலையின் சாரம் சானல் பட்டியலை வகுப்பதில் வெளிப்படுகிறது. குன்றின் மேலிருந்து குரலை வாங்கித் தொலைதூரத்துக்கு மறு ஒலிபரப்புச் செய்யும் ரிப்பீட்டருக்கு, ஏற்பில் 146.940, அனுப்பில் 146.340 என்று 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விட்டு எழுதி, ரிப்பீட்டரைத் திறக்கும் சாவியாக 100.0 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்தொனியையும் சேர்ப்பர். அடுத்த சானலில் இருபுறமும் 146.940 என்றே எழுதி வைத்தால், ரிப்பீட்டர் பழுதுற்ற வேளையிலும் அருகிலிருப்பவருடன் நேரடியாகப் பேச முடியும். வானிலை அறிவிப்பு வரும் 162.550-க்கு அனுப்பு அதிர்வெண்ணை வெற்றாக விடுவதால், பொத்தான் தவறி அழுத்தப்பட்டாலும் அலை வெளியேறாது. ஜிஎம்300-இன் முகப்பு சானலின் எண்ணை மட்டுமே காட்டுவதால், இருளிலும் கை தானே நாடும் வரிசை அமைந்திருக்கிறதா என்பதே பட்டியலின் தரத்துக்கு உரைகல்லாகும்.

வேண்டும்போது திருகிக்கொள்ளலாம் என்ற வசதியுள்ள ஹாம் கருவிகள், முன்கூட்டிச் சிந்திக்கும் பழக்கத்தைக் கோருவதில்லை. அப்பழக்கத்தைக் கட்டாயமாக்கும் வணிகக் கருவியோ, தன் வட்டாரத்தின் அலைவெளியை அறிந்து தனக்கு வேண்டியவற்றை மட்டும் தெரிந்தெடுக்கும் தெளிவை வளர்க்கிறது. இக்கலையில் இறங்குவோர் முந்தைய உரிமையாளரின் அனுப்பு அதிர்வெண்களை முற்றாக நீக்கிவிட்டு, தம் உரிமம் இடந்தரும் சானல்களில் மட்டுமே பேசுவதை முதல் நெறியாகக் கொள்ள வேண்டும்.