கூடையும் சிவப்புத் துணியும்

ஸினாய் மலையடிவாரத்தில், புனித காதரின் மடாலயத்தில், நாலாம் நூற்றாண்டு பைபிள் பிரதி ஒன்றைக் கண்டெடுத்த வரலாற்றை ஜெர்மன் பண்டிதர் டிஷெண்டார்ஃப் தாமே எழுதியிருக்கிறார். பிரமாதமான கதை. கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அதைப் படிக்கையில் பொறாமை உண்டாகிறது, கூடவே சந்தேகமும்.

1844-ல் மடத்துப் புத்தகசாலையில் ஒரு பெரிய கூடை. அது நிறையப் பழைய தோல் ஏடுகள். இதைப்போல் இரண்டு கூடை ஏற்கனவே நெருப்புக்குப் போய்விட்டனவாம். 129 ஏடுகளில் 43 அவர் கைக்கு வருகின்றன. 1846-ல் அவற்றைப் பிரசுரிக்கிறார், கிடைத்த இடத்தைச் சொல்லாமல். 1859-ல், ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆதரவோடு மூன்றாம் முறை போகிறார். புறப்படுகிற சமயத்தில் மடத்துக் காரியஸ்தர் தம் அறைக்கு அழைத்துப்போய், சிவப்புத் துணியில் சுற்றிய கட்டு ஒன்றை எடுத்து வைக்கிறார். மிச்சப் பிரதி!

கூடையை எழுதிய கைதான் சிவப்புத் துணியையும் எழுதிற்று. இரண்டும் ஒரே கதையில் எனக்குப் பொருந்தவில்லை. ஏடுகளின் மதிப்பை நான்தான் உணர்த்தினேன் என்பது அவர் சமாதானம். ஆனால் அந்தக் காரியஸ்தர், பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் தாமும் படித்திருப்பதாகச் சொன்னார் என்றும் அவரே எழுதுகிறார். படித்தவர்கள் இருந்த மடம்தானே? போதாததற்கு, தோல் ஏடு விறகாகாது. சுருண்டு புகையும், நாறும்.

கூடை இல்லாவிட்டால் கதாநாயகன் ரட்சகனாக முடியாது. கேட்டால் திருப்பித் தருவதாக 1859-ல் அவர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறது. பிரதி திரும்பவில்லை. ரஷ்யாவுக்கு அது தானம் என்று பத்திரம் ஆனது பத்து வருஷம் கழித்துத்தான். 1933-ல் சோவியத் அரசு அதை ஒரு லட்சம் பவுனுக்கு பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்றது.

அவருடைய புலமையில் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கதையைத்தான் சொல்கிறேன். அதே மடத்தில் 1892-ல் ஸ்காட்லாந்துக்காரி ஆக்னஸ் ஸ்மித் லூயிஸ், பெண் புனிதர்களின் சரித்திரத்துக்கு அடியில், சுரண்டி அழிக்கப்பட்ட சிரியாக் சுவிசேஷம் தெரிவதைக் கண்டார். துறவிகளோடு கிரேக்கத்தில் பேசினார், படம் பிடித்தார், சுவடியை அங்கேயே விட்டு வந்தார். அதில் ரட்சிப்பும் இல்லை, திருப்பமும் இல்லை. நாவலுக்கு ஆகாது. ஆனால் நம்புகிறேன்.

துறவிகள் சிறந்த காவலர்கள் என்று வாதாடவும் நான் வரவில்லை. 1975-ல் மடத்துக்குள்ளேயே, மூடிக்கிடந்த ஓர் அறையின் இடிபாட்டில், அதே பிரதியின் 12 ஏடுகளும் சில துண்டுகளும் அகப்பட்டன.