ஒற்றை ஆளும் இரும்பு அடுப்பும்

மாசி மகத்தன்று மலாக்கா நகரத்திலிருந்து செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகும் வெள்ளி ரதத்தைப் பார்க்கப் பெருங்கூட்டம் சேரும். எனக்கோ அன்னதானப் பந்தலுக்குக் கிளம்பும் வேன்மீதுதான் கண்.

உதவிக்கு ஆள் வராத விடியற்காலையில், எண்பது கிலோ வார்ப்பிரும்பு அடுப்பைச் சமையற்காரர் ஒருவர் தனியாக ஏற்றுவதைப் பார்க்க வேண்டும். தூக்கவே மாட்டார். கேஸ் தோம்பு, மேல்வளையம், பர்னர் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிடுவார். பிறகு அடுப்பைச் சற்றே சாய்த்து, ஒரு காலை ஊன்றவிட்டு மறுகாலைச் சுழற்றிச் சுழற்றி நடத்துவார், பிடிவாதக்காரத் தாத்தாவைக் கைபிடித்துக் கூட்டிப்போவதுபோல.

வேன் தரை இரண்டடி உயரம் என்றால், ஏற்றுவதற்குச் சாய்த்து வைக்கும் பலகை எட்டடி. நாலில் ஒரு பங்கு பலம் போதும். எண்பது கிலோ இருபதாகிவிடும். உராய்வு கேட்கும் கூடுதலைக் குறைக்க அடியில் மரச்சட்டம், அதற்குக் கீழே துண்டுக் குழாய்கள். குட்டைப் பலகையில் வீரம் காட்டுகிறவர்களுக்கு இடுப்புதான் போகும்.

பின்னாலிருந்து தள்ளுவதும் கிடையாது. வேனுக்குள் நின்று இழுப்பார். இழுத்த கயிற்றை உள்கொக்கியில் சுற்றிக்கொண்டே வருவார். மூச்சு வாங்க நின்றால் கொக்கி பாரத்தைப் பிடித்துக்கொள்ளும். நழுவினாலும் அடுப்பு ஆளில்லாத பக்கம்தான் போகும். உள்ளே வந்ததும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒட்டி வைத்து இறுகக் கட்டுவார். அரிசி மூட்டையெல்லாம் அதற்கப்புறம்தான்.