பக்கத்தில் நிற்பதற்கு என்ன தருகிறது? போக்கிமான் இரட்டையர் மரபில் அணித்தேர்வு

போக்கிமான் ஆட்டங்களில் இரண்டு இரண்டாக நின்று மோதும் முறை, 2002-இல் ஜப்பானில் வெளிவந்த ரூபி, சஃபையர் ஆட்டங்களோடு பிறந்தது. 2009-இல் தொடங்கிய அதிகாரபூர்வ வீடியோ கேம் உலகப் போட்டிகள் இந்த இரட்டையர் முறையையே களமாகக் கொண்டன. ஒற்றையர் ஆட்டத்தில் நன்றாக ஆடிப் பழகியவர்கள் இங்கே வரும்போது, தங்களிடம் உள்ள ஆறு பலசாலிகளையும் அப்படியே கூட்டி வருவார்கள். அந்த அணி பெரும்பாலும் எடுபடுவதில்லை. தனித்தனியே பார்த்தால் ஆறும் சிறந்தவையாக இருக்கும். ஆனால் எந்த இரண்டைச் சேர்த்து நிறுத்தினாலும் ஒன்றுக்கு ஒன்று உதவாது.

முதலில் விதிகள். ஆறு போக்கிமான்களைப் பதிவு செய்கிறோம். எதிராளியின் ஆறையும் பார்த்துவிட்டு, நம்முடையவற்றில் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு களம் இறங்குகிறோம். ஒரு நேரத்தில் இரண்டுதான் நிற்கும். எல்லாம் 50-ஆம் லெவலில் மோதும். ஒரே இனம் இருமுறை வரக் கூடாது, ஒரே பொருளை இரண்டு போக்கிமான்கள் ஏந்தக் கூடாது. நான்கே நான்கு என்பதால் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஒற்றையரில் கொடிகட்டிப் பறக்கும் ஸ்டெல்த் ராக் போன்ற நெடுங்கால உத்திகளுக்கு இங்கே பலன் தர நேரம் கிடைப்பதில்லை.

நேரம் இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனை மதிப்பு. புரொடெக்ட் என்ற மூவை எடுத்துக்கொள்வோம். அதைப் பயன்படுத்தும் போக்கிமான்மீது அந்தச் சுற்றில் ஏறக்குறைய எந்த அடியும் படாது. தொடர்ந்து இரண்டாம் முறை பயன்படுத்தினால் பலிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஒற்றையரில் இது பலருக்கு வீண் செலவு. இரட்டையரில் எதிரணியின் இரண்டும் நம் ஒன்றைக் குறிவைத்து அடிக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அது புரொடெக்ட் போட்டால் எதிரியின் இரண்டு அடிகளும் வீணாகின்றன, பக்கத்தில் நிற்பது நிம்மதியாகத் தன் அடியைக் கொடுக்கிறது. நான்கு மூவ்களில் ஓர் இடத்தை இதற்கு ஒதுக்காத போக்கிமான் ஏன் ஒதுக்கவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும் என்பதே இம்மரபின் முதல் நியதி.

பாணிகளுக்கு வருவோம். பழமையானவை வானிலைப் பாணிகள். மழையை இறக்கும் பெலிப்பரோ பொலிடோடோ ஒருபுறம், மழையில் வேகம் இருமடங்காகும் கிங்ட்ராவோ லுடிகோலோவோ மறுபுறம். வெயிலுக்கு டார்கோல், வீனசார். மணற்புயலுக்கு டைரானிடார், எக்ஸ்கட்ரில். இவற்றின் கட்டமைப்பு பார்த்ததும் புரிவது. எதிராளிக்கும் அப்படியே புரிந்துவிடுவதுதான் குறை.

வேகத்தை ஆளும் இரு பாணிகள் இன்னும் ஆழமானவை. டெய்ல்விண்ட் நான்கு சுற்றுகளுக்கு நம் பக்கத்தின் வேகத்தை இருமடங்காக்கும். டிரிக் ரூம் ஐந்து சுற்றுகளுக்கு வரிசையைத் தலைகீழாக்கி, மெதுவானதை முதலில் நகர வைக்கும். இரண்டிலும் போட்ட சுற்றும் கணக்கில் சேரும். விம்சிகாட்டின் பிராங்க்ஸ்டர் திறன் டெய்ல்விண்டை ஏறக்குறைய எல்லாருக்கும் முந்திப் போட வைக்கிறது. டிரிக் ரூமோ அந்தச் சுற்றின் கடைசியில்தான் விழும், அதுவரை போடுகிற போக்கிமான் உயிரோடும் தடையின்றியும் இருந்தாக வேண்டும். ஆகவே டிரிக் ரூம் அணியின் தரத்தை, அறையைப் போடுகிற அந்த ஒரு சுற்றில் பக்கத்தில் நிற்பது என்ன செய்கிறது என்பதை வைத்தே நான் எடைபோடுவேன். ரேஜ் பவுடரால் அடிகளைத் தன்பக்கம் இழுக்கும் அமூங்கஸ் நின்றால் அறை எழும்பும். ஃபரிகிராஃபின் ஆர்மர் டெய்ல் திறனோ, முந்திப் பாயும் மூவ்களைத் தன்மீதும் தன் இணைமீதும் அண்ட விடாது. அதனால், எதிரியை அசையாமல் நிறுத்தும் ஃபேக் அவுட்டைப் போட்டு அறையைக் கலைக்க முடியாது. பிறகு வருகிறது டார்கோல். அதன் அடிப்படை வேகம் 20, முழு உயிரோடு இருக்கும்போது அதன் எரப்ஷனின் வலிமை 150. வேறெங்கும் சுமையாக இருக்கும் அந்த மந்தம் இங்கே ஆயுதமாகிறது.

டெய்ல்விண்ட் பாணியில் புதியவர்கள் பயிற்சிப் புள்ளிகளைக் கொட்டி எல்லாவற்றின் வேகத்தையும் உச்சத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது வீண் செலவு என்று தெரியும். ஸ்கார்லெட், வயலட் தலைமுறையில் எல்லாரும் அஞ்சிய ஃப்ளட்டர் மேனின் அடிப்படை வேகம் 135. 50-ஆம் லெவலில், பூஸ்டர் எனர்ஜி என்ற பொருள் இல்லாமல், அது எட்டும் உச்ச வேகம் 205. டெய்ல்விண்ட் வீசும்போது அதை முந்த 103 இருந்தால் போதும், இரட்டித்தால் 206. டிராகனைட் பயிற்சிப் புள்ளி ஏதும் இல்லாமலே 100-இல் நிற்கிறது. வேகத்தில் வெறும் 20 புள்ளிகள் போட்டால் 103. மொத்தமுள்ள 510-இல் மிச்சம் முழுவதும் உயிருக்கும் தாக்குக்கும் கிடைக்கும். அயர்ன் ஹேண்ட்ஸின் கதை வேறு. வேகத்தைக் கூட்டும் இயல்பு கைகொடுக்காவிட்டால், ஒரு பண்புக்கு அனுமதிக்கப்பட்ட 252 புள்ளிகளையும் கொட்டினாலும் 102-தான் வரும், இரட்டித்தால் 204. ஒரு புள்ளியில் தோற்கிறது. அதை டெய்ல்விண்டுக்கு இழுக்காமல் டிரிக் ரூமுக்கு விட்டுவிடுவதே அறிவுடைமை. வேகத்தை இப்படிக் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் ஆறாவது இடத்தை நிரப்பும் எவரையும் நான் தேர்ந்த அணிவகுப்பாளர் என்று ஏற்பதில்லை.

இந்த எல்லாப் பாணிகளுக்கும் பொதுவாக ஒரு பரம்பரை ஓடுகிறது. அதுதான் இன்டிமிடேட் பரம்பரை. களத்தில் காலடி வைத்ததுமே எதிரில் நிற்கும் இரண்டின் தாக்குவலிமையையும் மூன்றில் இரண்டாகக் குறைக்கும் திறன் அது. ஒற்றையரில் ஒன்றுக்கு விழுவது இங்கே இரண்டுக்கு விழுகிறது. தொடக்கத்தில் ஹிட்மான்டாப் இதைச் சுமந்தது. இன்டிமிடேட்டோடு ஃபேக் அவுட்டும், பரவும் தாக்குகளைத் தடுக்கும் வைட் கார்டும் அதனிடம் இருந்தன. பிறகு லாண்டரஸின் தெரியன் வடிவம் வந்தது. 2018-லிருந்து அந்த இடம் இன்சினரோருடையது.

இன்சினரோரின் எண்களில் மிரள ஒன்றுமில்லை. அடிப்படை வேகம் 60, தாக்கு 115. அது களத்தில் செய்வதைப் பாருங்கள். வந்ததும் இன்டிமிடேட். அதே சுற்றில் ஃபேக் அவுட் போட்டு எதிரியில் ஒன்றை அசையாமல் நிறுத்துகிறது, பக்கத்தில் நிற்பது அந்த இடைவெளியில் டெய்ல்விண்டோ டிரிக் ரூமோ போட்டுக்கொள்கிறது. ஸ்வோர்ட், ஷீல்டு தலைமுறையில் பார்ட்டிங் ஷாட்டும் கிடைத்தது. எதிரியின் இருவகைத் தாக்கையும் தணித்துவிட்டு இது வெளியேற, உள்ளே வருவதற்குப் பாதுகாப்பாக ஓர் இடம் கிடைக்கும். பின்னர் மறுபடி இறங்கினால் மறுபடி இன்டிமிடேட், மறுபடி ஃபேக் அவுட். கேரம் இரட்டையரில் தன் காயை விட்டுக் கூட்டாளியின் காய்க்கு வழிதிறந்து வைப்பவரின் ஆட்டம் இது. வீழ்த்திய கணக்கு அதன் பேரில் ஒன்றும் இல்லாமல் போகலாம், ஆனால் அது இல்லாவிட்டால் ஆட்டமே மாறியிருக்கும். இன்சினரோர் அலுத்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது அலுக்கவில்லை. இரட்டையர் என்றால் என்ன என்று ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க அதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

பரவும் தாக்குகளைத் தேர்வதிலும், பக்கத்தில் நிற்பதற்கு என்ன தருகிறது என்ற அதே கேள்விதான். இரண்டின்மீது விழும் தாக்கு ஒவ்வொன்றுக்கும் முக்கால் பங்கு வலிமையோடு போய்ச் சேரும். ராக் ஸ்லைடு எதிரி இரண்டை மட்டும் தொடும், ஒவ்வொன்றையும் அந்தச் சுற்றில் தயங்க வைக்க 30 சதவீத வாய்ப்பும் உண்டு. எர்த்குவேக் வலிமை 100 கொண்டது. ஆனால் அது பக்கத்தில் நிற்கும் நம்முடையதையும் தாக்கும். பறப்பதோ மிதப்பதோ இணையாக இல்லாதபோது அதை எடுத்துக்கொண்டு இறங்குவது நம் வீட்டுக் கூரையை நாமே பிரிப்பது.

2014-இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியை வென்ற தென் கொரியாவின் சேஜுன் பார்க்கின் அணியில் பச்சிரிசு என்ற மின்சார அணில் இருந்தது. அதன் அடிப்படை எண்களைக் கூட்டினால் 405-தான், தாக்கு 45. மேஜைமேல் வைத்துப் பார்த்தால் யாரும் தொடமாட்டார்கள். பார்க் அதற்குக் கொடுத்த நான்கு மூவ்களைக் கவனித்தால் ஒவ்வொன்றும் இணைக்காகவே இருப்பது தெரியும். ஃபாலோ மீ எதிரியின் அடிகளைத் தன்மீது திருப்புகிறது. சூப்பர் ஃபேங் எதிரி எவ்வளவு தடித்ததாக இருந்தாலும் மீதமுள்ள உயிரைப் பாதியாக்குகிறது. அதற்குத் தாக்குவலிமையே தேவையில்லை. நஸ்ல் எதிரியை முடக்கி வேகத்தைக் குறைக்கிறது. நான்காவது புரொடெக்ட். அணியின் பெரிய சுத்தியல் கியரடாஸ். மின்சாரம் அதற்கு எமன். பச்சிரிசுவின் வோல்ட் அப்சார்ப் திறனோ மின்சாரத்தை உணவாக்கி, உயிரில் கால் பங்கை மீட்டுக்கொள்ளும். கியரடாஸ்மீது வீசப்படும் மின்சார மூவ் ஃபாலோ மீயால் அணிலிடம் திரும்பி அதற்கே மருந்தானது. அந்த ஆண்டு கலோஸ் வட்டாரத்தின் போக்கிமான் பட்டியலில் உள்ளவைக்கு மட்டுமே அனுமதி. அந்தச் சுருங்கிய பட்டியலுக்குள் இத்தனையையும் ஒருசேரச் செய்யக்கூடியதைத் தேடிப் பிடித்ததில் இருக்கிறது பார்க்கின் மேதைமை. 2016-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வென்ற வுல்ஃப் கிளிக்கின் அணியிலும், கையோகர், ரேக்வாசா போன்ற மலைகளுக்கு நடுவே ஒரு ரைச்சு நின்றது. மின்சாரத்தைத் தன்பக்கம் இழுக்கும் லைட்னிங் ராட் கையோகருக்குக் காவல்.

தரம் மாறிக்கொண்டே இருப்பதற்கு விதியும் ஒரு காரணம். ஒரே மூவில் எதிரணியின் இரண்டையும் உறங்க வைத்த ஸ்மியர்கிலின் டார்க் வாய்டு, 2016-இன் சன், மூன் ஆட்டங்களில் அதனிடமிருந்து பறிக்கப்பட்டது. அது நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். 2023 பருவத்தில் எதிராளியின் மூவ், பொருள், திறன், டெரா வகை எல்லாவற்றையும் ஆட்டத்துக்கு முன்பே காட்டிவிடும் திறந்த அணித்தாள் முறை வந்தது. பயிற்சிப் புள்ளிகள் மறைவிலேயே இருந்தன. எதிர்பாராத மூவ் ஒன்றை ஒளித்துவைத்து ஒரு ஆட்டத்தைத் தட்டிப் பறிப்பதற்காகவே எடுத்த போக்கிமான்கள் அன்றே மதிப்பிழந்தன. இன்சினரோரும் அமூங்கஸும் என்ன செய்யும் என்று எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாததால் அவை பட்டியலில் நிலைத்தன.