மூன்றாவது வயலின் எங்கே?

நூற்றுக்கணக்கான மெழுகுவத்திகளுக்கு நடுவே நான்கு பேர் அமர்ந்து விவால்டியின் 'நான்கு பருவங்கள்' வாசிப்பது இப்போது ஊருக்கு ஊர் பரவிவிட்ட மோஸ்தர். மெழுகுவத்திகள் பெரும்பாலும் பேட்டரியில் எரிபவை. அதைக்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது, பிரபலமான எதையும் ஸ்டிரிங் குவார்டெட்டுக்கு மாற்றிவிடலாம் என்ற நினைப்பும், அதற்குக் கேடயமாகப் பெரியவர்களின் பெயர்களைத் தூக்கிப் பிடிப்பதும்தான். ஹைடன் செய்தார், மோட்சார்ட் செய்தார், பீத்தோவனே செய்தார் என்கிறார்கள்.

செய்தார்கள்தான். இசைத்தட்டு இல்லாத காலத்தில், சிம்பொனிகள் வீட்டுக்கூடங்களுக்குள் வந்ததே இத்தகைய மாற்றமைப்புகளால். இன்றும் தேர்ந்த நால்வர் கையில் 'கோடை'யின் புயல் ஓர் இசைக்குழுவில் கேட்பதைவிடத் துல்லியமாகக் கேட்கும். பெரிய இசைக்குழுவை அழைக்க வசதியில்லாத ஊருக்கு நான்கு பேர் போய்ச் சேர்வதும் நல்லதுதான். இதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை மிக எளிய ஒரு கணக்கில் இருக்கிறது. 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான இந்த நான்கு கான்செர்ட்டோக்களுக்கு மூன்று வயலின் பகுதிகள் உண்டு: தனி வயலின், முதல் வயலின், இரண்டாம் வயலின். குவார்டெட்டில் இருப்பவை இரண்டு. 'வசந்த'த்தின் தொடக்கத்தில் பறவைகள் கூவும் இடத்தில் மூன்று வயலின்களும் ஒன்றையொன்று துரத்திக் கீச்சிடும். மூன்றுக்கும் ஒரே குரல் என்பதால்தான் எது எந்தக் கிளையில் இருக்கிறது என்று தெரியாமல் காது தடுமாறும். அந்தத் தடுமாற்றம்தான் அங்கே தோப்பு. மூன்றாவது பறவையை வயோலாவிடம் கொடுத்தால் அதன் குரல் கனத்துவிடும், எந்தக் கிளை என்று உடனே தெரிந்துவிடும். பறவை மிஞ்சும், தோப்பு போய்விடும்.

இலக்கம் மட்டும் பிரச்சினை என்றால் நான்கு பேரின் சாமர்த்தியத்தில் சமாளித்துவிடலாம். கான்செர்ட்டோவின் உயிரே கூட்டத்துக்கும் தனியாளுக்கும் இடையிலுள்ள தூரத்தில் இருக்கிறது. கூட்டம் பல்லவி போல ஒன்றை வாசிக்கும். தனி வயலின் அதிலிருந்து கிளம்பித் தன் வழியே போகும். கூட்டம் திரும்ப வந்து வழிமறிக்கும். மூலத்திலும் தனி வயலின்காரர் கூட்டத்தோடு சேர்ந்து வாசிப்பவர்தானே என்று கேட்கலாம். ஆம். ஆனால் அவர் விலகிப் போகும்போது அங்கே கூட்டம் அப்படியே நிற்கும். பகுதிக்கு ஒருவர் என்று சிக்கனமாக வாசிக்கும் குழுக்களிலும் மூன்று வயலின் இருக்கும், ஹார்ப்சிகார்டும் இருக்கும். குவார்டெட்டில் முதல் வயலின் விலகினால் எஞ்சுவது மூன்று பேர். அவர்கள் ஊராகவும் முடியாது, சம பேச்சாளர்களாகவும் முடியாது. முக்கால் மணி நேரம் தாளம் தட்டுவார்கள்.

'இலையுதிர்கால'த்தின் நடு அங்கத்தைக் கேளுங்கள். குடித்துவிட்டு ஊரே தூங்குகிறது. தந்தி வாத்தியங்கள் நீண்ட சுரங்களில் அசையாமல் கிடக்க, ஹார்ப்சிகார்ட் மட்டும் அந்தச் சுரங்களைத் தனித்தனியாக உதிர்த்துக்கொண்டே போகவேண்டும் என்பது விவால்டியின் குறிப்பு. மெழுகுவத்தி மேடையில் ஹார்ப்சிகார்ட் கிடையாது. தூக்கம் இருக்கிறது, கனவு இல்லை.

இப்போது பெரியவர்களின் சாட்சியத்துக்கு வருவோம். மோட்சார்ட் 1782இல் பாக்கின் ஐந்து ஃபியூக்களைத் தந்தி நால்வருக்கு மாற்றினார். ஐந்தும் நான்கு குரல் ஃபியூக்கள். கணக்கு நேராக இருந்தது. ஹைடன் 1787இல் மாற்றியது தன் சொந்தப் படைப்பான 'ஏழு வார்த்தைகள்'. பீத்தோவன் ஓபஸ் 14இன் முதல் பியானோ சொனாட்டாவை எடுத்தபோது, ஈ மேஜரிலிருந்து எஃப் மேஜருக்கே நகர்த்தினார். வயோலா, செல்லோ இரண்டின் அடித்தந்தியான ஸி அங்கே வசதியாக வந்து சேரும். விரல்களுக்காக எழுதிய பக்கவாத்திய உருக்களைக் கலைத்து, வில்லுக்காகப் புதிதாக எழுதினார். அத்தோடு நிற்கவில்லை. பியானோ படைப்புகளைத் தந்தி வாத்தியங்களுக்கு மாற்றும் வெறி அடங்க வேண்டும் என்று 1802இல் தன் பதிப்பாளருக்கே கடிதம் எழுதினார். முழுப்பகுதிகளை நீக்கவும் மாற்றவும், வேண்டிய இடத்தில் புதிதாகச் சேர்க்கவும் வேண்டும், அது எழுதியவராலேயே அல்லது அவருக்கு நிகரானவராலேயே முடியும் என்பது அவர் வாதம். அவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுபவர்கள் அவர் வாக்குமூலத்தைப் படித்ததில்லை.

இது குவார்டெட் இசைக்கு ஒரு வாசல் என்பார்கள். ஹைடனின் அறுபதுக்கு மேற்பட்ட குவார்டெட்டுகளும் பீத்தோவனின் பதினாறும் பார்டோக்கின் ஆறும் வாசலுக்கு உள்ளே காத்திருக்கின்றன. நான் பார்த்தவரை அடுத்த மாத நிகழ்ச்சி சினிமாப் பாட்டு. அதற்கடுத்த மாதம் திரும்பவும் விவால்டி.

ஒரு சின்ன இடத்தோடு முடிக்கிறேன். 'வசந்த'த்தின் நடு அங்கத்தில் இடையன் உறங்குகிறான்: தனி வயலின். இலைகள் சலசலக்கின்றன: இரண்டு வயலின்கள். நாய் குரைக்கிறது: வயோலா. செல்லோவுக்கு ஒரு சுரம்கூட இல்லை. கீழே தரை இல்லாததால்தான் அந்தத் தூக்கம் அப்படி மிதக்கிறது. குவார்டெட்டிலோ இரண்டாவது இலைக்கு வயலின் போதவில்லை. செல்லோக்காரருக்கு ஏதாவது தந்தே ஆகவேண்டும். இலையைத் தருகிறார்கள், அல்லது நாயைத் தருகிறார்கள். அவருக்கு விவால்டி தந்திருந்தது மௌனம்.